சேலத்துச் சுவருக்கும் ஏற்காட்டுச் சுவருக்கும் ஒரே டிரில் பிட் ஆகாது: வீட்டில் ஷெல்ஃப் மாட்டப் புதியவர்களுக்கு

ஹார்டுவேர் கடைக்குப் போய் "டிரில் பிட் ஒரு செட் குடுங்கண்ணா" என்று கேட்டால், பெரும்பாலும் 13 பிட் அடுக்கிய ஒரு சின்னப் பெட்டி கைக்கு வரும். 1.5 எம்.எம். முதல் 6.5 எம்.எம். வரை வரிசையாக, பளபளவென்று இருக்கும். அத்தனையும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட். இரும்புக்கும் மரத்துக்கும் ஆனது. அதைச் செங்கல் சுவரில் வைத்து அழுத்தினால் முதல் ஓட்டை முடிவதற்குள் முனை மழுங்கிவிடும்; அதற்குப் பிறகு மரத்திலும் ஏறாது. புதிதாக டிரில் மெஷின் வாங்குகிறவர்களின் முதல் காசு பெரும்பாலும் இப்படித்தான் வீணாகிறது.

ஷெல்ஃப் கழன்று விழுந்தால் ஸ்குரூவைத் திட்டுகிறோம், பிராக்கெட்டைத் திட்டுகிறோம். அனேகமாகக் குற்றம் ஓட்டையில் இருக்கும்: பூச்சிலேயே நின்றுபோன ஓட்டை, பிளக்கைவிட (ஓட்டைக்குள் செருகி ஸ்குரூவைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் குழல்) பெருத்துப்போன ஓட்டை, தூசி அடைத்த ஓட்டை. இதைத் தவிர்க்க ஒரு வரிசை உண்டு. முதலில் சுவர், சுவரைப் பார்த்துப் பிளக், பிளக்கைப் பார்த்து பிட், ஸ்குரூ கடைசி. கடையில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதைத் தேடுகிறோம்.

1. மெஷினைத் தொடும் முன்

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வாய்ப்பேச்சு போதாது. "ஹால் வடக்குச் சுவரில் 8 எம்.எம்.மில் 6 ஓட்டை போடுகிறேன், காலி செய்யும்போது அடைத்துத் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்டதை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை போடும் முன் சுவரை ஒரு போட்டோ எடுங்கள். அட்வான்ஸில் கழிக்கும் பேச்சு வரும் நாளில் இந்த இரண்டும்தான் பேசும். அபார்ட்மென்டில் சங்கத்திடம் நேரம் கேளுங்கள். மதியத்திலும் இரவிலும் டிரில் கூடாது என்பது பல இடங்களில் விதி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிட்டு மெஷினை வாடகைக்கு எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் வாடகை தண்டம்.

அடுத்தது வயர். சுவிட்ச் பாக்ஸிலிருந்து பைப் நேர் மேலே போகும், அல்லது நேர் கீழே. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் அரை அடி விட்டுவிடுங்கள். ஒரே சுவரில் இரண்டு பாக்ஸ் ஒரே உயரத்தில் இருந்தால் நடுவே குறுக்காகவும் பைப் ஓடலாம். நம் ஊர்களில் இழுத்தபடியெல்லாம் காடி வெட்டியிருப்பார்கள். மறுபக்கம் பாத்ரூமோ சமையலறைத் தொட்டியோ இருந்தால் தண்ணீர்க் குழாயையும் நினைவில் வையுங்கள். முடிந்தால் மெயின் போர்டில் அந்த அறையின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வேலை செய்யுங்கள்.

2. முதலில் ஒரே ஒரு பிட் மட்டும் வாங்குங்கள்

6 எம்.எம். மேசனரி பிட் ஒன்று, அதாவது சுவர் துளைக்கும் பிட். தண்டு இரும்பாக இருக்கும், முனையில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு பட்டை ஒன்று குறுக்கே பற்ற வைத்திருக்கும். அந்தப் பட்டை தண்டைவிட ஒரு மயிரளவு அகலமாக வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அது ஏற்கெனவே தேய்ந்தது, வாங்காதீர்கள்.

ஷெல்ஃபின் மேல் பிராக்கெட் எங்கே வருமோ, அந்த இடத்திலேயே சோதனை ஓட்டை போடுங்கள். பின்னால் 8 எம்.எம். ஆக்கிக்கொள்ளலாம், சுவரில் வீண் ஓட்டை மிஞ்சாது. ஓட்டைக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பாதி மடித்து டேப்பால் ஒட்டுங்கள். தூள் அதில் விழும். பார்க்க வேண்டியது அந்தத் தூளைத்தான்.

முதல் 12 முதல் 20 எம்.எம். வரை எந்தச் சுவரிலும் சாம்பல் நிறத்தில் மணல் கலந்த தூள் வரும். அது பூச்சு. விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அதைத் தாண்டியதும் நிறம் மாறும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சின் கனம் அதுதான், பின்னால் ஸ்குரூ நீளம் கணக்கிட இது வேண்டும்.

சிவப்பு அல்லது காவித் தூள் வந்தால் செங்கல். சேலம் டவுனில் பழைய வீடுகள் பெரும்பாலும் இதுதான், வேலைக்கு மிக எளிது.

பூச்சைவிடக் கருமையான சாம்பல் நிறத்தில், நறநறப்பே இல்லாத நைசான தூள் வந்தால் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) செங்கல். மேட்டூர் அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பக்கத்துப் புது வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். கெட்டியான கல், பிளக் நன்றாகப் பிடிக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் கை திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், நடுவே வெற்றிடம் உள்ள சிமென்ட் கல். வெள்ளைத் தூள் கொட்டி, அழுத்தாமலேயே பிட் இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்), அடுக்குமாடிகளில் அதிகம். வெளிறிய சாம்பல் தூள் துளித்துளியாக வந்து, சத்தம் கூர்மையாகி, மெஷின் கையை உதறினால் கான்கிரீட்: தூண், பீம் அல்லது கதவு, ஜன்னலுக்கு மேலே ஏழடி உயரத்தில் ஓடும் லிண்டல். தூளில் மினுமினுவென்று இரும்புப் பொடி கண்டால் உடனே நிறுத்துங்கள், பிட் கம்பியைத் தொட்டிருக்கிறது. ஓரிரு அங்குலம் தள்ளி வேறு இடம் பாருங்கள்.

பிட் இறங்காமல் கீச்சிட்டு, முனை சூடேறி, ஓட்டை ஒரு சின்னக் குழியாகவே நின்றால் கல். ஏற்காட்டுப் பழைய வீடுகளின் கதை இது. தனியே கீழே சொல்கிறேன்.

3. எந்த மெஷின்

சுவர் தெரிந்துவிட்டால் மெஷினும் தெரிந்துவிடும். செங்கல், ஃப்ளை ஆஷ், ஹாலோ, ஏ.ஏ.சி. எல்லாவற்றுக்கும் 13 எம்.எம். சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள இம்பாக்ட் டிரில், அதாவது சுற்றிக்கொண்டே தட்டும் டிரில் போதும். கையில் 2,000 முதல் 3,500 ரூபாய் வைத்துக்கொண்டால் பெயர் தெரிந்த கம்பெனி மெஷின் கிடைக்கும். வேகத்தை விரலால் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், முன்னும் பின்னும் சுற்றும் வசதி, பக்கவாட்டுக் கைப்பிடி, இந்த மூன்றும் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 10 எம்.எம். சக் மெஷின்களில் பல வெறும் டிரில்தான், தட்டாது. பெட்டியில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் ரோட்டரி ஹேமர் வேண்டும். இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுவதால்தான் தட்டல் வருகிறது. நீங்கள் அழுத்தினால்தான் அது வேலை செய்யும். ரோட்டரி ஹேமரில் உள்ளே பிஸ்டன் அடிக்கிறது, நீங்கள் நேராகப் பிடித்திருந்தால் போதும். இம்பாக்ட் டிரில் நிமிடக் கணக்கில் திணறும் இடத்தில் இது நொடிக் கணக்கில் முடித்துவிடும். ஆனால் இதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்தான் ஏறும்: மெஷினுக்குள் போகும் அடித்தண்டு 10 எம்.எம். கனத்தில், காடி வெட்டி இருக்கும் பிட். சாதாரண உருண்டைத் தண்டு பிட் இதில் நிற்காது, அதைப்போல் எஸ்.டி.எஸ். பிட் சாதாரணச் சக்கிலும் சரியாகப் பிடிக்காது.

ஒரு ஷெல்ஃபுக்காக ரோட்டரி ஹேமர் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். நாளைக்குச் சில நூறு ரூபாயும் அதற்குமேல் டெபாசிட்டும் கேட்பார்கள். ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். மெஷினை வாங்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். டெபாசிட் தொகையையும் திருப்பித் தர வேண்டிய நேரத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிட் தேய்மானம் யார் தலையில் என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது. இதில்தான் அதிகம் தகராறு வரும்.

புது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்துதான் ஓடும். மெஷினின் சீரியல் நம்பர் பில்லில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிட்டுக்கு வாரண்டி கிடையாது.

4. இப்போது மீதி பிட்கள்

செங்கல் சுவரில் பிளைவுட் ஷெல்ஃப் என்று வைத்துக்கொண்டால், பட்டியல் சின்னது.

8 எம்.எம். மேசனரி பிட் இரண்டு. ஒன்று போதும், இன்னொன்று காப்புக்கு. 6 எம்.எம். ஏற்கெனவே இருக்கிறது.

மரத்துக்கு 2.5, 3, 4.5 எம்.எம். எச்.எஸ்.எஸ். பிட் ஒவ்வொன்று. சில்லறையாகவே கிடைக்கும். மரத்துக்கென்றே நடுவில் ஊசிமுனை வைத்த பிட்டும் உண்டு. பிளைவுட் முகத்தில் வழுக்காமல் குத்தி நிற்கும், விளிம்பு பிய்யாது. தட்டுகளை ஏற்றி இறக்க வைக்கும் ஷெல்ஃப் ஊசிக்கு 5 எம்.எம். ஓட்டை வரிசையாகப் போடப் போகிறீர்கள் என்றால் 5-இல் இந்த வகையை வாங்குங்கள். மற்றதற்கு எச்.எஸ்.எஸ். போதும்.

ஸ்குரூ தலை பலகையோடு மட்டமாக அமர ஒரு கவுன்டர்சிங்க் பிட். கதவு வைத்த அலமாரி என்றால் மட்டும், கப் கீலுக்கு (கதவுக்குள் வட்டக் குழியில் அமரும் கீல்) குழி எடுக்க 35 எம்.எம். ஃபோர்ஸ்னர் பிட்.

கதவு இல்லாத ஷெல்ஃபுக்கு பிட் செலவு 500 ரூபாய்க்குள் அடங்கும். ஃபோர்ஸ்னர் சேர்ந்தால் மேலே இன்னும் 200 முதல் 400 வரை. விலை கடைக்குக் கடை மாறும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கமும் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் இரண்டு மூன்று கடை விசாரித்துவிட்டு வாங்கலாம். சாலையோரம் குவித்து விற்கும் மேசனரி பிட் பூச்சை மட்டும் தாண்டும். அதற்கப்புறம் முனைப்பட்டை தனியாக ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும், எடுக்கவும் முடியாது.

கடையில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, நூல் கணக்கு. ஆசாரி "ரெண்டு நூல் பிட்" என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 எம்.எம். அதில் 6 எம்.எம். பிளக் போட்டால் தொளதொளவென்று சுழலும். சுவர் வேலைக்கு எம்.எம். கணக்கிலேயே கேளுங்கள். இரண்டு, ஸ்குரூ நம்பர். பெட்டியில் 38 x 8 என்று இருந்தால் நீளம் 38 எம்.எம்., கனம் 8-ஆம் நம்பர். 8-ஆம் நம்பர் என்பது 8 எம்.எம். கனம் அல்ல, ஏறக்குறைய 4.2 எம்.எம்.தான். 6-ஆம் நம்பர் 3.5 எம்.எம்., 10-ஆம் நம்பர் 4.8 எம்.எம். "8-ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு 8 எம்.எம். ஓட்டை" என்று பலகையில் ஓட்டை போட்டுவிட்டு முழிப்பவர்கள் நிறைய.

5. பிளக், ஸ்குரூ அளவு

ராவல் பிளக் 6 எம்.எம். என்றால் 4 முதல் 5 எம்.எம். கன ஸ்குரூவைப் பிடிக்கும். 8 எம்.எம். பிளக் 4.5 முதல் 6 வரை. 10 எம்.எம். பிளக் 6 முதல் 8 வரை. புத்தகம், பாத்திரம் வைக்கும் ஷெல்ஃபுக்கு 8 எம்.எம். பிளக்கும் 10-ஆம் நம்பர் ஸ்குரூவும் சரியான ஜோடி. 6 எம்.எம். பிளக் படம் மாட்டவும் சாவிக் கொக்கிக்கும்தான். வழவழப்பான மலிவு பிளக்கைவிட, காது வைத்த நைலான் பிளக் ஓட்டைக்குள் சுழலாமல் நிற்கும். விலை வித்தியாசம் பெரிதில்லை.

நீளம்தான் முக்கியம். 8 எம்.எம். பிளக் ஏறக்குறைய 40 எம்.எம். நீளம். பூச்சு 15 எம்.எம். என்றால், பிளக்கைச் சுவர் மட்டத்திலேயே விட்டால் வெறும் 25 எம்.எம்.தான் செங்கலுக்குள் இருக்கும். மீதி பூச்சில். ஸ்குரூவை முறுக்கும்போது பிளக் விரிந்து பூச்சைப் பொரித்துத் தள்ளும். அதனால் பிளக்கைப் பூச்சு தாண்டி உள்ளே தள்ள வேண்டும். கணக்கு இப்படி: பிராக்கெட் தகடு 3, பூச்சு 15, பிளக் 40, முனை வெளியே நீட்ட 5. கூட்டினால் 63. அதாவது இரண்டரை அங்குல ஸ்குரூ. ஓட்டை ஆழம் 70. பெரும்பாலானவர்கள் ஒன்றரை அங்குல ஸ்குரூ வாங்குகிறார்கள், ஆறு மாதத்தில் பிராக்கெட்டின் மேல் முனை சுவரைவிட்டு விலகி நிற்கிறது.

கருப்பு டிரைவால் ஸ்குரூவைச் சுவர் பிராக்கெட்டுக்குப் போடாதீர்கள். மலிவு, கூர்மை, சரசரவென்று ஏறும், எல்லாம் உண்மை. ஆனால் கெட்டித்தன்மை அதிகம், பாரம் பக்கவாட்டில் இழுத்தால் வளையாமல் படக்கென்று ஒடியும். ஈரம் உள்ள சுவரில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூ போடுங்கள்.

6. சுவரில் ஓட்டை போடுதல்

மூன்றடி நீளம், பத்து அங்குல அகலம், 19 எம்.எம். பிளைவுட், இரண்டு எல் பிராக்கெட் என்று எடுத்துக்கொள்வோம். பிராக்கெட்டை ஓரத்தில் வைக்காதீர்கள். இரு முனையிலிருந்தும் அரையடி உள்ளே தள்ளி வையுங்கள். நடுவே இரண்டடி இடைவெளி வரும், 19 எம்.எம். பலகை புத்தகப் பாரத்துக்குத் தாங்குவது அவ்வளவுதான். புத்தகம் அடுக்கினால் அடிக்கு 10 கிலோவைத் தாண்டும் என்று கணக்கில் கொள்ளுங்கள். பிராக்கெட்டின் நீளக் கால் சுவரில், குட்டைக் கால் பலகைக்கு அடியில்.

எல்லா ஓட்டையையும் டேப் வைத்து அளந்து ஒரே மூச்சில் குறிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பிட் ஒரு எம்.எம். நகர்ந்தாலும் பிராக்கெட் ஓட்டை பொருந்தாது. முதல் பிராக்கெட்டின் மேல் ஓட்டையை மட்டும் போட்டு, ஸ்குரூவை லேசாக மாட்டித் தொங்கவிடுங்கள். நேர்செங்குத்து பார்த்து மற்ற ஓட்டைகளைப் பென்சிலால் குறியுங்கள். முதல் பிராக்கெட்டை முடித்துவிட்டு, பலகையை மேலே வைத்து, ரசமட்டம் பார்த்து இரண்டாவது பிராக்கெட்டின் இடத்தைக் குறியுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். அனுபவம் உள்ள ஆசாரிகளும் இப்படித்தான் செய்கிறார்கள்.

குறித்த இடத்தில் ஆணியால் ஒரு குழி தட்டுங்கள். பிட்டைச் சக்கில் போட்டு, சக்கின் மூன்று துளையிலும் சாவியை வைத்து ஒரு தரம் இறுக்குங்கள். ஒரே துளையில் முறுக்கினால் பிட் சாய்ந்து உட்காரும், ஓட்டை பெருக்கும். சாவியை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பிட்டில் 70 எம்.எம். தூரத்தில் டேப் சுற்றுங்கள், ஆழம் தெரியும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் இந்த டேப் ரொம்ப அவசியம், மறந்தால் பக்கத்து அறையில் பூச்சு உதிரும்.

முதலில் 6 எம்.எம்., பிறகு 8. ஆரம்பத்தில் தட்டல் இல்லாமல், மெதுவான வேகத்தில் ஒரு குழி எடுங்கள். பிட் நிலைத்ததும் சுத்தியல் படத்துக்கு மாற்றுங்கள். தரம் குறைந்த செங்கலில் தட்டலே வேண்டாம், சும்மா சுற்றினாலே இறங்கும். தட்டினால் உள்ளே பொடிந்து ஓட்டை கிண்ணம்போல் ஆகிவிடும். ஹாலோ பிளாக்கிலும் ஏ.ஏ.சி.யிலும் தட்டல் கூடவே கூடாது. ஹாலோவில் உட்புற ஓடு பிளந்து கீழே விழுந்துவிடும், பிளக்குக்குப் பிடிமானம் இருக்காது. அங்கே நீளமான பிளக்கோ, உள்ளே போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட்டோ போடுங்கள். ஏ.ஏ.சி.க்கு அதற்கென்றே உள்ள நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள், ஓட்டையை அந்தப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கே போடுங்கள்.

டைல்ஸ் மேல் என்றால் ஈட்டி முனை வைத்த கண்ணாடி பிட்டால், தட்டல் இல்லாமல், டைல்ஸை மட்டும் தாண்டுங்கள். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டினால் வழுக்காது. விட்ரிஃபைடு டைல்ஸுக்கு வைரப் பொடி பூசிய பிட், கூடவே தண்ணீர். உள்ளே செங்கல் வந்த பிறகு மேசனரி பிட்டுக்கு மாறுங்கள்.

ஓட்டை போடும்போதே இரண்டு மூன்று தரம் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். முடிந்ததும் ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு ஊதுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. தூள் இருந்தால் பிளக் முழுதாக இறங்காது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் தலை நசுங்கும். பிளக்கை உள்ளே தள்ள, ஸ்குரூவை அதில் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, ஸ்குரூ தலையில் லேசாகத் தட்டுங்கள். பூச்சைத் தாண்டியதும் ஸ்குரூவைக் கழற்றிவிட்டுப் பிராக்கெட்டை வையுங்கள்.

கண்ணாடி போடுங்கள், மாஸ்க் போடுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் பிட்டில் நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, விரித்த முடி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள்.

7. பலகையில் ஓட்டை போடுதல்

மெஷினைச் சுத்தியல் படத்திலிருந்து பிட் படத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். தட்டலில் எச்.எஸ்.எஸ். பிட் ஓடினால் முனை சிதறும், பிளைவுட் அடுக்கு பிரியும்.

பலகையைப் பலகையோடு சேர்க்க இரண்டு ஓட்டை வேண்டும். மேல் பலகையில் ஸ்குரூ தடையில்லாமல் நழுவிப் போகும் அளவு, அடிப் பலகையில் ஸ்குரூவின் நடுத்தண்டு அளவு (இதுதான் பைலட் ஓட்டை). 8-ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு மேலே 4.5; கீழே பிளைவுட், சில்வர் ஓக் போன்ற மென்மரத்துக்கு 2.5, தேக்கு, வேங்கைக்கு 3. மேல் பலகையிலும் மரை பிடித்தால் இரண்டு பலகைக்கும் நடுவில் சந்து விழுந்து, எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. தேக்கில் பைலட் ஓட்டை இல்லாமல் ஸ்குரூ ஏற்றினால் ஒன்று மரம் பிளக்கும், இல்லை ஸ்குரூ தலை கழன்று வரும். ஸ்குரூ மரையில் கொஞ்சம் மெழுகு அல்லது சோப்பு தடவுங்கள்.

பிராக்கெட்டிலிருந்து பலகைக்கு, கீழிருந்து மேலாக, 16 எம்.எம். நீள 8-ஆம் நம்பர் ஸ்குரூ. தகடு 3 போக 13 எம்.எம். பலகைக்குள் போகும். பைலட் பிட்டில் 12 எம்.எம்.மில் டேப் சுற்றுங்கள். இங்கே அவசரப்பட்டால் மைகா ஒட்டிய மேல்முகத்தில் பிட் எட்டிப் பார்க்கும், அதை மறைக்க வழியே இல்லை.

முழுக்கத் துளைத்துப் போகும் ஓட்டைக்கு அடியில் ஒரு கழிவுக் கட்டையை இறுக்கி வையுங்கள், பின்பக்கம் பிய்யாது. நல்ல பிட் சீவல் சீவலாக மரத்தைத் தள்ளும். சீவலுக்குப் பதில் கருகிய பொடியும் புகையும் வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது மெஷின் பின்பக்கமாகச் சுற்றுகிறது. இரண்டாவதுதான் என்று பலர் அரை மணி கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தில் சாதாரண ஸ்குரூ நிற்காது, பொடிந்துவிடும். அதற்கு 7 x 50 கன்ஃபர்மேட் ஸ்குரூ. ஓரத்தில் 5 எம்.எம்., மேல் பலகையில் 7 எம்.எம். இரண்டையும் ஒரே தடவையில் போடும் படி வைத்த பிட் உண்டு.

தட்டுகளை ஏற்றி இறக்கும்படி ஊசி வைக்க 5 எம்.எம். ஓட்டை, 12 எம்.எம். ஆழம், முன்விளிம்பிலிருந்து 37 எம்.எம்., ஒன்றுக்கொன்று 32 எம்.எம். இடைவெளி. கையால் குறித்தால் தட்டு ஆடும். ஒரு பிளைவுட் துண்டில் ஒரு தரம் நிதானமாக இந்த ஓட்டைகளைப் போட்டு, அதையே அச்சாக நான்கு மூலையிலும் வையுங்கள். ஒரே முனை எப்போதும் கீழே இருக்கட்டும். 35 எம்.எம். கீல் குழியை மெதுவான வேகத்தில், 12 எம்.எம். ஆழத்துக்கு மேல் போகாமல் எடுங்கள். 18 எம்.எம். கதவில் இதற்குமேல் போனால் பிட்டின் நடு ஊசி மறுபக்கம் குத்தும்.

8. ஏற்காட்டுக் கல் சுவர்

ஏற்காட்டில் இருப்பவர்கள் பிட், பிளக், ஸ்குரூ எல்லாவற்றையும் சேலத்திலேயே, ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள். 8 எம்.எம். எஸ்.டி.எஸ். பிட் ஒன்று ஒடிந்தால் அதற்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். வாடகை மெஷினை முந்தின நாள் மாலையே எடுத்து மறுநாள் மாலை தருவதாகப் பேசுங்கள், போக்குவரத்திலேயே நேரம் போய்விடும்.

சேர்வராயன் மலைக் கல் சார்னோகைட் என்ற மிகக் கடினமான பாறை. இம்பாக்ட் டிரில்லால் அதைத் துளைக்க முயன்றால் பிட் சிவக்கும், முனைப்பட்டையைப் பற்றவைத்த இடம் இளகி விழும். ரோட்டரி ஹேமர், 6 எம்.எம். எஸ்.டி.எஸ்., பிறகு 8. பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுங்கள். கொதிக்கும் பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், கார்பைடு விரிசல் விடும்.

ஆனால் பழைய சுவரில் உண்மையான சிக்கல் கல் அல்ல, கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சாந்து. பூச்சுக்குமேல் பார்த்தால் எது கல், எது சந்து என்று தெரியாது. ஒரு ஓட்டை கல்லில் இறங்காது, மூன்று அங்குலம் தள்ளிப் போட்டால் வெண்ணெயாக இறங்கும். இறங்கியதே என்று மகிழ்ந்து அங்கே பிளக் போட்டால், அது சாந்தைக் கரைத்துக்கொண்டு சுழலும். பிடிமானம் கல்லில்தான். பிராக்கெட் ஓட்டைகளின் இடத்தை நீங்கள் மாற்ற முடியாது, கல்லும் அதற்கேற்ப நகராது. ஆகவே 3 x 1 அங்குல ரீப்பர் (நீள மரச் சட்டம்) ஒன்றை முதலில் சுவரில் பொருத்துங்கள். சுவரில் கல் கிடைக்கும் இடங்களாகப் பார்த்து நான்கைந்து ஓட்டை, அதற்கேற்ப ரீப்பரில் ஓட்டை. ரீப்பர் அசையாமல் நின்றதும் ஷெல்ஃபை அதில் எங்கே வேண்டுமானாலும் ஸ்குரூ போட்டுக்கொள்ளலாம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலச் சந்து கிடைப்பது கூடுதல் லாபம். மழைக்காலத்தில் கல் சுவர் வியர்க்கும், பலகை நேராக ஒட்டியிருந்தால் பூசணம் பிடிக்கும்.

கல் சுவரில் தூசி மிக நைசாக வரும், நுரையீரலுக்குக் கேடு. கைக்குட்டை கட்டினால் போதாது. என்-95 மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். வேலை முடிந்ததும் எச்.எஸ்.எஸ். பிட்களைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். மலைப் பனியில் ஒரே மாதத்தில் துரு ஏறிவிடும்.

9. ஓட்டை கெட்டுவிட்டால்

பிளக் தொளதொளத்தால் தீக்குச்சியும் பேப்பரும் திணிக்க வேண்டாம். 8-ஐ 10 எம்.எம். ஆக்கி, 10 எம்.எம். பிளக்கும் 6 எம்.எம். கன ஸ்குரூவும் போடுங்கள். பிராக்கெட் ஓட்டை அதற்கு இடம் தராவிட்டால் எச்.எஸ்.எஸ். பிட்டால் தகட்டைப் பெரிதாக்கலாம்: தகட்டை வைஸில் இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாக. கையில் பிடித்துக்கொண்டு தகட்டைத் துளைக்காதீர்கள். பிட் மாட்டினால் தகடு விசிறியாகச் சுற்றும். பழைய முறைப்படி மரக்கட்டை செதுக்கி அடிப்பதும் உண்டு. சேலத்து வெயிலில் கட்டை சுருங்கி, அடுத்த சித்திரைக்குள் தளர்ந்துவிடும்.

ஓட்டை கிண்ணமாகப் பெருத்துவிட்டால் அதை விட்டுவிட்டு, இரண்டு அங்குலமாவது தள்ளிப் புது ஓட்டை போடுங்கள். ஒட்டினாற்போல் போட்டால் இரண்டும் சேர்ந்து இடியும்.

ஓட்டையை அடைப்பதற்கு: பிளக்கில் ஸ்குரூவைப் பாதி ஏற்றி, குறடால் இழுத்தால் பிளக்கோடு வரும். ஓட்டைக்குள் தண்ணீர் தெளித்து, ஆழத்தில் சிமென்ட் கலவை, மேல் ஐந்து எம்.எம்.க்கு வால் புட்டி. ஒரு நாள் காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, அதே நிறப் பெயின்ட். பழைய பெயின்டின் நிற நம்பர் வீட்டுக்காரரிடம் இருந்தால் அட்வான்ஸ் பேசும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.